சுசீலாவா, ஜானகியா, சித்ராவா? பாடகிகளின் ‘உச்சத்தை’ எதை வைத்து அளக்கிறோம்?

2025 மே 24. சென்னையில் ‘தக் லைஃப்’ இசை வெளியீட்டு விழா. படத்தின் ‘முத்த மழை’ பாட்டைத் தமிழில் பாடியவர் தீ. அன்று அவர் வரவில்லை. அதே பாட்டைத் தெலுங்கிலும் இந்தியிலும் பாடிய சின்மயி, மேடையேறித் தமிழில் பாடினார். அந்த வீடியோ வைரலானது. அடுத்த சில நாள்களுக்குத் தமிழ்நாட்டின் செல்போன்களில் ஒரே கேள்வி: யார் பாடினது பெஸ்ட்?

ஒரு பாட்டுக்கு இரண்டு குரல் என்று ஆரம்பித்த பேச்சு, சீக்கிரமே ஒரு பாடகிக்கு எதிராக இன்னொரு பாடகி என்று மாறியது. யாருடைய காலம் முடிந்தது, யாருடைய காலம் இன்னும் வரவில்லை, யார் உச்சத்தில் இருந்தபோது எப்படிப் பாடினார் என்றெல்லாம் தீர்ப்புகள் பறந்தன.

இது புதுச் சண்டை இல்லை. சுசீலாவா ஜானகியா என்று அப்பாக்கள் காலத்தில் சண்டை போட்டார்கள். சித்ராவா ஸ்வர்ணலதாவா என்று அண்ணன்கள் காலத்தில் போட்டார்கள். இப்போது ரீல்ஸுக்குக் கீழே நடக்கிறது, அவ்ளோதான்.

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகும் ரோட்டில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். டிரைவர் வைத்த பாட்டில் ஸ்வர்ணலதா, பின் சீட்டு இயர்போனில் தீ, பஸ் நிறுத்தத்து டீக்கடையில் சுசீலா என்று 60 வருஷக் குரல்கள் ஒரே காலையில் ஒரே ரோட்டில் கேட்கும் ஊர் இது. கேட்பவருக்கு எல்லாம் ‘பாட்டு’தான். ஆனா பாடியவர்களுக்கு அப்படி இல்லை. ஒவ்வொருவருக்கும் கிடைத்த காலம் வேறு, சம்பளம் வேறு, வாசல் வேறு.

அதனால்தான் இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பாடகியின் ‘உச்சம்’ என்று நாம் சொல்வது, பெரும்பாலும் அவருக்கு எந்தக் கதவு, எத்தனை வருஷம் திறந்திருந்தது என்பதைத்தான். அதைக் குரலின் தரம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால்?

முதலில் எல்லோரும் எடுப்பது இந்த அளவுகோலைத்தான். அதிகப் பாட்டு பாடியவர் யார்?

இதில் பி.சுசீலாவை முந்துவது கஷ்டம். 1953ல் ‘பெற்ற தாய்’ படத்தில் தொடங்கியவர். 1960களிலிருந்து 6க்கும் அதிகமான இந்திய மொழிகளில் 17,695 பாடல்கள் பாடியதாக 2016ல் கின்னஸ் அங்கீகரித்தது.

ஆனா இந்த எண்ணிக்கை விளையாட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1974ல் லதா மங்கேஷ்கர் 25,000 பாடல்கள் பாடியதாக கின்னஸ் புத்தகம் போட்டது. முகமது ரஃபி அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு அந்தப் பதிவே நீக்கப்பட்டது. 2011ல் ஆஷா போஸ்லேவுக்கு அங்கீகாரம் கிடைத்தபோது எண்ணிக்கை 11,000 என்ற அளவில் நின்றது. 1974ல் சொன்ன கணக்கில் பாதிகூட இல்லை.

எண்ணிக்கை இன்னொன்றையும் மறைக்கிறது. சுசீலாவின் காலத்தில் படத்துக்கு ஏழெட்டுப் பாட்டு சாதாரணம். கதாநாயகிக்குத் தனிப்பாட்டு, டூயட், தாலாட்டு, சோகப்பாட்டு என்று எல்லாம் இருக்கும். இன்று பல படங்களில் மொத்தமே நாலைந்து பாட்டு. அதிலும் கதாநாயகிக்குத் தனிப்பாட்டு கிடைப்பது அபூர்வம். 2025ல் ஒருவர் சுசீலா அளவுக்குத் திறமையோடு வந்தாலும் 17,000 பாட்டுக்கு எங்கே போவார்?

விருதை வைத்துப் பார்த்தால்?

சரி, தேசிய விருது கணக்கைப் பார்க்கலாம். சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது:

• கே.எஸ்.சித்ரா – 6 (‘சிந்து பைரவி’, ‘நகக்ஷதங்கள்’, ‘வைசாலி’, ‘மின்சார கனவு’, ‘விராசத்’, ‘ஆட்டோகிராப்’)

• பி.சுசீலா – 5 (‘உயர்ந்த மனிதன்’, ‘சவாலே சமாளி’, பிறகு 3 தெலுங்குப் படங்கள்)

• ஷ்ரேயா கோஷல் – 5 (அதில் ஒன்று தமிழ்: ‘இரவின் நிழல்’)

• எஸ்.ஜானகி – 4 (‘16 வயதினிலே’, ‘ஓப்போள்’, ‘சிதாரா’, ‘தேவர் மகன்’)

• வாணி ஜெயராம் – 3 (‘அபூர்வ ராகங்கள்’, ‘சங்கராபரணம்’, ‘ஸ்வாதி கிரணம்’)

• ஸ்வர்ணலதா – 1 (‘கருத்தம்மா’)

பட்டியலைப் பார்த்தால் தீர்ப்பு எழுதிவிடலாம் போலத் தோன்றும். ஆனா ஒரு விஷயம். பாடகிகளுக்கான தேசிய விருதே 1968ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலில் கொடுக்கப்பட்டது. அந்த முதல் விருதை வாங்கியவரே சுசீலாதான். அதாவது ‘பாசமலர்’, ‘பாவ மன்னிப்பு’, ‘கர்ணன்’ வந்த 1960களின் முற்பகுதியில், சுசீலா தமிழ் சினிமாவை ஆண்ட வருஷங்களில், அவருக்குக் கொடுக்க அப்படி ஒரு விருதே இல்லை. அவர் உச்சத்தின் முதல் பாதிக்கு மார்க் ஷீட் கிடையாது.

கே.பி.சுந்தராம்பாள் கதை இன்னும் பழசு. 1935ல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. பிறகு 1953ல் ‘ஔவையார்’, 1965ல் ‘திருவிளையாடல்’ என்று மறுபடி மறுபடி வந்து ஜெயித்தார். இடையில் சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார். அவர் உச்சம் எது? சம்பளத்தை வைத்தால் 1935. மக்கள் நினைவை வைத்தால் ‘ஔவையார்’.

19 வருஷம் காத்திருந்த குரல்

எஸ்.ஜானகி பாட வந்தது 1957ல். ‘விதியின் விளையாட்டு’ படம். 1962ல் ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு போட்டி போட்டுப் பாடினார். தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு? தமிழில் முதல் இடம் அவருக்கு வந்துவிடவில்லை. மலையாளத்திலும் கன்னடத்திலும் முன்னணிக் குரலாக இருந்தவர், தமிழில் சுசீலாவுக்கு அடுத்த வரிசையில்தான் நின்றார். 1976ல் ‘அன்னக்கிளி’ வந்தது. இளையராஜா வந்தார். அடுத்த வருஷமே ‘16 வயதினிலே’. முதல் தேசிய விருது. அங்கிருந்து ஏறத்தாழ 15 வருஷங்களுக்குத் தமிழ் சினிமாவின் பெண் குரல் என்றால் ஜானகிதான்.

1962ல் அவர் குரல் மோசமா? இல்லவே இல்லை. அந்தக் குரலின் குழைவை, குறும்பை, கிராமத்துப் பேச்சு வாடையை வைத்து வேலை வாங்க ஒரு இசையமைப்பாளர் வர 14 வருஷம் ஆனது. திறந்த கதவு வேறு, உள்ளே இருந்த ஆள் ஒன்றுதான்.

இதே கதவு சுசீலாவுக்கு மெல்லச் சாத்தியதையும் பார்க்க வேண்டும். இளையராஜாவிடமும் அவர் பாடினார், ‘அன்னக்கிளி’யிலேயே பாடினார். ஆனா மையம் இடம் மாறிவிட்டது. 1982ல் ‘மேகசந்தேசம்’ தெலுங்குப் படத்துக்குத் தேசிய விருது வாங்கிய குரலை, “பழைய குரல்” என்று தமிழில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

ஹீரோவுக்கு வயசாகலாம், குரலுக்கு ஆகக் கூடாதா?

தமிழ் சினிமாவில் பாடகர்களையும் பாடகிகளையும் பிரிக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

டி.எம்.சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பாடினார். அந்த இரண்டு ஹீரோக்களும் உச்சத்தில் இருந்தவரை அவர் குரலும் இருந்தது. எஸ்.பி.பாலசுப்ரமணியம் ரஜினிக்கு ஓப்பனிங் சாங் பாடினார். ரஜினி தொடர்ந்தார், எஸ்.பி.பி.யும் தொடர்ந்தார். அவர் இறந்த பிறகு 2021ல் வெளியான ‘அண்ணாத்த’ வரைக்கும்.

பாடகிக்கு அந்த வசதி கிடையாது. ஏன்னா, கதாநாயகி மாறிக்கொண்டே இருப்பார். ஹீரோவுக்கு 60 வயசானாலும் திரையில் ஹீரோயினுக்கு 22தான். அப்போ பாட்டிலும் 22 வயசுக் குரல்தான் வேண்டும். நடிகைகளுக்கு “மார்க்கெட் போச்சு” என்று எந்த வயசில் சொல்கிறார்களோ, அதற்குச் சில வருஷம் முன்னே பின்னே பாடகிகளுக்கும் சொல்லிவிடுகிறார்கள். ஜானகி மாதிரி 50 வயசைத் தாண்டியும் சின்னப் பெண் குரலில் பாட முடிந்தவர்கள் இந்த விதியை ஏமாற்றினார்கள். ‘தேவர் மகன்’ வந்தபோது அவருக்கு வயது 54. ஆனா எல்லோராலும் அது முடியாது. முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பக்க வாசல் வழியாக வந்தவர்

எல்.ஆர்.ஈஸ்வரியை இந்தப் பட்டியல்களில் எங்கே வைப்பது?

கோரஸ் பாடகியாக ஆரம்பித்தவர். 1961ல் ‘பாசமலர்’ கல்யாணப் பாட்டில் வெளிச்சத்துக்கு வந்தார். ஆனா கதாநாயகியின் காதல் பாட்டு சுசீலாவுக்குப் போகும். கிளப் டான்ஸ், கேலி, கிண்டல், கொண்டாட்டம் என்றால் ஈஸ்வரியைக் கூப்பிடுவார்கள். ‘சிவந்த மண்’ணில் சாட்டையடிக்கு நடுவே பாடும் பாட்டு ஒன்று போதும், அந்தக் குரல் என்னென்ன செய்யும் என்று சொல்ல. ஆனா படத்தில் அவருக்கென்று ஒதுக்கிய அறை சின்னது.

இப்போது ஆடி மாதத்தில் வாலாஜாபாத் பக்கம் ஒரு நடை வாருங்கள். பாலாற்றங்கரை கிராமங்களில், அம்மன் கோயில் கூழ் வார்க்கும் நாளில், மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் யார் குரல் முதலில் வரும்? ஈஸ்வரிதான். காஞ்சிபுரம் மாவட்டம் என்று இல்லை, தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். சினிமாவில் பக்க வாசலில் நிறுத்தப்பட்டவர், அம்மன் பாட்டு கேசட்டுகள் வழியாக ஊர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குத் தேசிய விருது கிடையாது, யூடியூப் எண்ணிக்கையும் சரியாகச் சொல்லாது. ஆனா 40, 50 வருஷமாக ஒவ்வொரு ஆடியிலும் ஒலிக்கும் குரல் என்றால் அது சின்ன விஷயமா?

2011ல் ‘ஒஸ்தி’ படத்தில் டி.ராஜேந்தரோடு அவர் பாடிய குத்துப் பாட்டு ஹிட்டானபோது, அவர் 70ஐத் தாண்டியிருந்தார். யாரோ ஒருவர் கதவைத் தட்டினார். குரல் தயாராகத்தான் இருந்தது.

சுருங்கிப்போன உச்சங்கள்

எல்லோருக்கும் 40 வருஷம் கிடைப்பதில்லை.

ஸ்வர்ணலதா 14 வயதில், 1987ல் ‘நீதிக்குத் தண்டனை’யில் பாட வந்தார். எம்.எஸ்.விஸ்வநாதன் அறிமுகப்படுத்தினார். ‘தளபதி’, ‘சின்னத்தம்பி’, ‘காதலன்’, ‘பம்பாய்’, ‘இந்தியன்’, ‘அலைபாயுதே’ என்று இளையராஜா, ரஹ்மான் இருவருடைய உச்ச காலத்திலும் அவர் குரல் இருக்கிறது. ரஹ்மான் இசையில் தேசிய விருது வாங்கிய முதல் பாடகி அவர்தான். 2010 செப்டம்பர் 12ல் இறந்தபோது வயது 37.

பேட்டிகளில் அதிகம் வராதவர். மேடைகளிலும் அதிகம் பார்த்திருக்க மாட்டோம். அதனால் அவர் உயிரோடு இருந்தபோது “யார் நம்பர் ஒன்” பட்டியலில் அவர் பெயர் மேலே வந்ததே குறைவு. இன்று கம்பெனி பஸ்ஸிலும் நள்ளிரவு பிளேலிஸ்ட்டிலும் அதிகம் தேடப்படும் குரல்களில் ஒன்று அவருடையது. கேட்பவர்கள் பலர் அவர் இறந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்.

மின்மினிக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. 1992ல் ‘ரோஜா’ மூலம் இந்தியாவே அவர் குரலைக் கேட்டது. அடுத்த சில வருஷங்களுக்குள் குரலே போய்விட்டது. பிறகு குரல் திரும்பி வந்தாலும் அந்த இடம் அப்படியே காத்திருக்கவில்லை.

வாணி ஜெயராமின் கணக்கு இன்னொரு மாதிரி. வேலூரில் பிறந்து, ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்து, 1971ல் ‘குட்டி’ இந்திப் படத்தில் பாடகியானவர். சுசீலா, ஜானகி இருவரும் இருக்கும் தமிழில் அவர் மூன்றாவது குரல். கடினமான மெட்டு என்றால் அவரைத் தேடினார்கள். குறைந்த பாட்டு, மூன்று தேசிய விருது. பத்மபூஷண் அறிவிப்பு வந்தது 2023 ஜனவரியில். பிப்ரவரி 4ல் இறந்தார். விருதை நேரில் வாங்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. 2013ல் ஜானகி ஏன் பத்மபூஷணை வேண்டாம் என்றார் என்பதை இங்கே வைத்துப் பார்த்தால் புரியும். ரொம்ப லேட், தென்னிந்தியக் கலைஞர்களைக் கண்டுகொள்வதில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

சாத்தப்பட்ட கதவு

இப்போது மறுபடி ‘முத்த மழை’க்கு வரலாம்.

சின்மயி 2002ல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் அறிமுகமானார். 2018 அக்டோபர் 4ல் ‘96’ வந்தது. பெண்குரல் பாடல்கள் பெரும்பாலும் அவருடையவை. த்ரிஷாவுக்குப் பேசிய குரலும் அவருடையது. ஒரு பாடகியின் உச்சம் என்று காட்ட இதைவிட நல்ல வருஷம் கிடைக்காது.

அதே மாதம் மீடூ இயக்கத்தின்போது பாடலாசிரியர் வைரமுத்து மீது அவர் பாலியல் புகார் சொன்னார். வைரமுத்து மறுத்தார். நவம்பரில் டப்பிங் யூனியன் சின்மயியை நீக்கியது. சந்தா கட்டவில்லை என்பது யூனியன் சொன்ன காரணம். அதன் பிறகு தமிழில் அவருக்கு வந்த வாய்ப்புகள் எப்படிச் சுருங்கின என்பதை அவரே பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

அதனால் 2025ல் அந்த மேடையில் பாடியபோது மக்கள் கைதட்டியது குரலுக்கு மட்டும் இல்லை. இத்தனை வருஷம் இந்தக் குரல் எங்கே போனது என்ற கேள்வியும் அந்தக் கைதட்டலில் இருந்தது. அந்தக் கேள்வி சரியானது. ஆனா அதைத் தீயின் மேல் திருப்பியது தப்பு. கதவைச் சாத்தியவர் தீ இல்லையே!

இரண்டு பெண்களை நேருக்கு நேர் நிறுத்தினால் ஒரு வசதி உண்டு. வாய்ப்பைக் கொடுப்பவர்கள், எடுப்பவர்கள் யாரும் அந்தப் படத்துக்குள் வர மாட்டார்கள். சுசீலா–ஜானகி காலத்திலிருந்து இந்த விளையாட்டு இப்படித்தான் நடக்கிறது.

நூறு கோடி பார்வை, கையில் எவ்வளவு?

தீயின் காலம் வேறு கணக்கு. ‘மாரி 2’ படத்தில் தனுஷோடு அவர் பாடிய ‘ரவுடி பேபி’ 2020 நவம்பரில் யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தொட்டது. 2021 மார்ச்சில் அறிவுடன் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ சினிமாவே இல்லாமல் உலகம் சுற்றியது. தமிழ்ப் பாடகி ஒருவர் படமும் ஹீரோயினும் இல்லாமல், தன் முகத்தோடு ஒரு பாட்டில் நின்று ஜெயித்தது பெரிய மாற்றம்.

ஆனா 2024ல் அந்தப் பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ வெளியிட்டார். அந்தப் பாட்டிலிருந்து கலைஞர்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்றார். பார்வைகள் கோடிக்கணக்கில், கையில் பூஜ்யம். உச்சம் என்பது யாருடைய உச்சம் என்ற கேள்வி இங்கே சுருக்கென்று குத்துகிறது.

பழைய பாடகிகளுக்கு இது இன்னும் கொடுமை. ரெக்கார்டிங் முடிந்தால் சம்பளம், அதோடு கணக்கு முடிந்தது என்பதுதான் பல பத்தாண்டுகளாக நடைமுறை. 2012ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், பாட்டு வணிக ரீதியில் பயன்படுத்தப்படும்போது பாடியவருக்கும் ராயல்டி உண்டு என்பது சட்டத்தில் தெளிவாக ஏறியது. 2013ல் இந்தியப் பாடகர்கள் உரிமைச் சங்கம் உருவானது.

2024ல் ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ மலையாளப் படம் ‘குணா’வின் பாட்டை மறுபடி ஊரெங்கும் ஒலிக்க வைத்தது ஞாபகம் இருக்கும். பாட்டைப் பயன்படுத்தியதற்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார், அது செய்தியானது. அந்தப் பாட்டில் கமலோடு இருக்கும் குரல் ஜானகியுடையது. 33 வருஷம் கழித்து ஒரு குரல் புதுத் தலைமுறையின் நம்பர் ஒன் ஆகிறது. உரிமைச் சண்டையில் அந்தக் குரலின் பெயரை எத்தனை பேர் சொன்னார்கள்?

பாப் பாடகிகளின் உலகம் எப்படி?

வெளிநாட்டில் இதே கதை வேறு மாதிரி நடக்கிறது. 1985ல் வந்த கேட் புஷ்ஷின் பாட்டு ஒன்று, ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் வந்ததால் 2022ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. எல்லோரும் பேசியது கேட் புஷ்ஷைப் பற்றித்தான்.

டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் 6 ஆல்பங்களின் மூலப் பதிவுகள் 2019ல் வேறு கைக்குப் போயின. அவர் 2021லிருந்து பழைய ஆல்பங்களை மறுபடி பாடி வெளியிட்டார். 149 நிகழ்ச்சிகள் கொண்ட ‘எராஸ்’ சுற்றுப்பயணம் 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2025 மே மாதம் மூலப் பதிவுகளையே திரும்ப வாங்கிவிட்டார். அவருக்கு உச்சம் என்பது பாட்டு மட்டும் இல்லை, பாட்டின் பத்திரமும் கையில் இருப்பது.

ஈழத்தில் வளர்ந்து லண்டன் போன மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2009ல் நிறைமாத கர்ப்பிணியாக கிராமி மேடையில் பாடினார். அதே ஆண்டு ரஹ்மானோடு ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். நம்ம ஊரிலும் உஷா உதுப் இருக்கிறார். 1969ல் சென்னையில் ஒரு நைட் கிளப்பில் பாட ஆரம்பித்தவர், 2024ல் பத்மபூஷண் பெற்றார். எந்த ஹீரோயினின் வயதும் அவர் குரலை முடிவு செய்யவில்லை. ஏன்னா மேடை அவருடையது.

ஒரகடம் லைனில் நிற்பவருக்கு இதனால் என்ன?

நிறைய இருக்கிறது. இந்தப் பகுதியில் ‘கேரியர்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் தேடும் இளம் பெண்களின் எண்ணிக்கை கொஞ்சநஞ்சம் இல்லை. 2024 ஆகஸ்ட்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்ட தங்குமிடம் 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. ஒரே வளாகத்தில் அத்தனை பேர்!

அதே ஆண்டு ஜூனில், இப்பகுதி ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பது தவிர்க்கப்படுகிறது என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. செய்தி வந்து போகும். ஆனா “கல்யாணம் ஆனா வேலை என்னாகும்?” என்ற கேள்வி லைனில் நிற்கும் பெண்ணுக்கும் தெரியும், ஐடி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் தெரியும்.

22 வயதில் வேகமான கை, 22 வயதில் இளமையான குரல் என்று இரண்டையும் ஒரே தராசில்தான் போடுகிறார்கள். அந்த வயது தாண்டினால் “முன்ன மாதிரி இல்ல” என்பார்கள். யார் திறமைசாலி என்று இரண்டு பெண்களை ஒப்பிடும்போது, யாருக்கு எத்தனை வருஷம் கொடுத்தார்கள் என்பதைக் கேட்க மறக்கிறோம். பாட்டிலும் மறக்கிறோம், ஆபீஸ் அப்ரைசலிலும் மறக்கிறோம்.

அப்போ ஒப்பிடவே கூடாதா?

தாராளமாக ஒப்பிடலாம். சுசீலாவின் உச்சரிப்பையும் ஜானகியின் குழைவையும் சித்ராவின் சுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பது பெரிய சுகம். ரசனைக்கு அது வேண்டும். ஆனா ‘உச்சம்’ என்று தீர்ப்பு எழுதும் முன் நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்:

1. அவருக்கு எந்த வகைப் பாட்டு கொடுத்தார்கள்? எதைக் கொடுக்கவில்லை?

2. வாய்ப்பு நின்றது குரலாலா, வயதாலா, வேறு யாராவது முடிவு செய்ததாலா?

3. பாட்டு திரும்ப ஒலிக்கும்போது அவருக்குப் பணமும் பெயரும் போய்ச் சேருகிறதா?

4. 30 வருஷம் கழித்தும் யாராவது தேடிப் போய்க் கேட்கிறார்களா?

இந்த நான்கையும் வைத்தால் பட்டியல் தலைகீழாகும். 6 விருது வாங்கிய சித்ராவின் இடம் ஆடாது. ஆனா ஒரே ஒரு விருது வாங்கிய ஸ்வர்ணலதா மேலே வருவார். விருதே இல்லாத ஈஸ்வரி ஆடி மாதம் முழுக்க முதல் இடத்தில் இருப்பார். ஜானகியின் உச்சம் 1977, 1992, 2024 என்று மூன்றாகும். சின்மயியின் உச்சம் 2018ல் முடிந்ததா என்பதற்கு, கதவைத் திறக்க வேண்டியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தீயின் உச்சம் எது என்று இப்போதே எழுதுவது அவசரம்.

அடுத்த முறை “அவங்க காலம் முடிஞ்சிடுச்சு” என்று யாராவது கமென்ட் போட்டால், ஒரு கேள்வி போதும்: முடிஞ்சுதா, முடிச்சாங்களா?